பிள்ளைகளும் இண்டர்நெட்டுப் பூட்டும்

(படிப்பகம் ஒன்றில் கூடிய பெற்றோர் கூட்டத்தில் பேசியது)



வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டில் இண்டர்நெட்டை எவ்வளவு மட்டுக்கு விடலாம், எந்த இடத்தில் நிறுத்தலாம் என்பது இன்று நமக்குக் கொடுக்கப்பட்ட விஷயமாகும். இதைப் பற்றிப் பேச உமக்கென்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் கேட்கலாம். நாம் காலேஜ் படிப்புப் படித்தவரல்ல. கம்ப்யூட்டர் சங்கதியும் நமக்குப் பாதிக்குமேல் தெரியாது. ஆனால் இந்த விஷயத்தில் சொந்தப் பிள்ளைகளிடம் நன்றாய் அவமானப்பட்டவர் என்கின்ற யோக்கியதை ஒன்று நமக்குண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நமக்கு ஒரு பெண், ஒரு பையன். பெண்ணுக்கு 16 வயது, பையனுக்கு 14. ஒரு நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது, பெண் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மணி பன்னிரண்டு. மறுநாள் காலையில் ஒரு வார்த்தை விசாரிக்காமல் போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். வைஃபையின் ரகசியச் சொல்லையும் மாற்றி, "இனி இரவு 9 மணிக்குமேல் உனக்கு இல்லை" என்று உத்திரவு போட்டோம். ஏன் என்று கேட்டாள். "பெற்றவர்கள் நல்லதற்குத்தான் சொல்லுவார்கள், எதிர்த்துப் பேசாதே" என்றோம். அதற்கு அவள், "ஏன் அப்பா, பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதே, காரணம் கேள் என்று போன ஞாயிற்றுக்கிழமை மேடையில் பேசினீர்களே, அது ஊரார் பிள்ளைகளுக்கு மட்டுந்தானா? தம்பி ஒரு மணி வரையில் விளையாடுகிறானே, அவனுக்கு ஏன் பூட்டில்லை?" என்றாள். நமக்குப் பதில் வரவில்லை. அடுப்பங்கரையிலிருந்து சிரிப்புச் சத்தம் மாத்திரம் வந்தது.

தோழர்களே! அன்றிரவு யோசித்துப் பார்த்தோம். பெண் விஷயத்தில் நமக்கிருந்த பயம் என்ன? கண் கெட்டுப்போகும் என்பதா? தூக்கம் கெடும் என்பதா? யோக்கியமாய்ச் சொல்லுவதானால் அதெல்லாம் பிறகு தேடிக்கொண்ட சாக்கு. அவள் யாரோடு பேசுகிறாள் என்பதுதான் பயம். பையன் விஷயத்திலோ பரீட்சையில் மார்க்குக் குறையும் என்பதற்குமேல் நமக்கு ஒரு பயமுமில்லை. ஒரே கருவி, ஒரே ராத்திரி. பெண் வைத்திருந்தால் கெட்டுப்போகிறாள், ஆண் வைத்திருந்தால் கெட்டிக்காரனாகிறான். இருபது வருஷமாய்ப் பெண்ணுரிமை பேசி வந்த நம் வீட்டிலேயே நிலைமை இப்படியென்றால் மற்ற வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

குஜராத்தில் மேசாணா ஜில்லாவில் சூரஜ் என்கின்ற கிராமத்தார் 2016-ல் ஒன்றுகூடி, கலியாணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருக்கக் கூடாதென்றும், மீறினால் 2,100 ரூபாய் தண்டமென்றும் கட்டுப்பாடு செய்தார்கள். பெண்கள் படிப்புக் கெடுகிறதாம். பையன்கள் படிப்பைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை போலும்! அதே மாகாணத்தில் பனாஸ்காண்டா ஜில்லாவில் 2019-ல் ஒரு ஜாதியார் 12 கிராமங்களுக்குச் சேர்த்து இதே மாதிரித் தடை போட்டார்கள். அந்தத் தீர்மானத்திலேயே வேறு ஜாதியில் மணம் செய்துகொண்டால் பெற்றோருக்குத் தண்டம் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். பூட்டு எதற்காக என்பதை அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சர்க்கார் 2019 முதல் 2021 வரையில் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கில், 15 வயது முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் ஒரு தரமாவது இண்டர்நெட்டைத் தொட்டவர்கள், ஆண்களில் நூற்றுக்கு 57.1, பெண்களில் 33.3. பெண் எழுதக் கற்றால் கள்ளக் கடிதம் எழுதுவாள் என்று நம் பாட்டன்மார் பேனாவைப் பிடுங்கினார்கள். நாம் போனைப் பிடுங்குகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

கோழிக்கோட்டுப் பக்கத்தில் காலேஜ் பெண்கள் விடுதி ஒன்றில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரையில் போனைத் தொடக் கூடாதென்று விதி செய்தார்கள். ஒரு மாணவி மாத்திரம் ஒப்புக்கொள்ளவில்லை. விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அந்தப் பெண் கேரள ஐக்கோர்ட்டுக்குப் போனாள். 2019 செப்டம்பரில் நீதிபதி, இண்டர்நெட்டை அடைவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்ததென்று தீர்ப்புச் சொல்லி, அவளைத் திரும்பச் சேர்க்கும்படி உத்திரவிட்டார். அவள் வயது வந்தவள், நம் வீட்டுப் பிள்ளை மைனர் என்று நீங்கள் சொல்லலாம். வாஸ்தவம். மைனர் என்பதற்காகக் கட்டுப்பாடு வைக்க நமக்குப் பாத்தியதை உண்டு. காரணம் சொல்லாமலிருக்கப் பாத்தியதை எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் கேள்வி.

நிற்க. ஆனால் பிள்ளைகளை அவர்கள் இஷ்டப்படி விட்டுவிட வேண்டியதுதானா என்றால், அப்படி நாம் ஒருநாளும் சொல்லமாட்டோம். அந்தக் கருவிக்குள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் தர்மப் பிரபுக்களல்ல. நாம் எத்தனை நாழிகை பார்க்கிறோமோ அத்தனைக்கத்தனை விளம்பரத்தில் காசு சம்பாதிக்கிறவர்கள். புஸ்தகத்தில் பக்கம் முடியும், பேப்பரில் கடைசிப் பத்தி வரும். இதில் விரலால் தள்ளத் தள்ள முடிவே வராது. அது தானாய் அமைந்ததல்ல. 2006-ல் ஆசா ராஸ்கின் என்கின்ற அமெரிக்கர் செய்த உபாயம் அது. அவரே பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார். எதைப் பார்த்து நிற்கிறான் என்று கவனித்து, அதே ஜாதிச் சரக்கை மேலும் மேலும் கொண்டுவந்து கொட்டுவதற்கு வேறு இயந்திரம் இருக்கிறது. வளர்ந்த நாமே இதிலிருந்து எழுந்திருக்க முடியாதபோது 14 வயதுப் பையனுக்கு மனவுறுதி இல்லையென்று திட்டுவது என்ன நியாயம்? 13 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 8 மணி முதல் 10 மணி வரையில் தூக்கம் வேண்டுமென்று தூக்க வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். காலை ஆறு மணிக்கு எழுப்பினால் இரவு பத்து மணிக்காவது படுக்கவேண்டும். இது ஒரு காரணம். பெண்ணுக்கும் பையனுக்கும் பொருந்துகிற காரணம்.

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைக்கக் கூடாதென்று 2024 நவம்பரில் சட்டம் செய்து, 2025 டிசம்பர் 10 முதல் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். சட்டம் சரியா தப்பா என்பதைப் பற்றி அங்கேயே சண்டை நடக்கிறது. நமக்குப் பிடித்த அம்சம் ஒன்று: தண்டம் பிள்ளைக்குமில்லை, பெற்றோருக்குமில்லை, கம்பெனிக்கு. 4 கோடியே 95 லட்சம் டாலர் வரையில் போடலாம்.

இனிப் பூட்டு எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதைப் பார்ப்போம். நாம் பையன் போனுக்கு மாத்திரம் வைஃபை பெட்டியில் தடை வைத்தோம். இரண்டே நாள். போனுக்குள்ளேயே தன் அடையாள எண்ணை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதாம். பெட்டி அவனைப் புது ஆளென்று நினைத்து உள்ளே விட்டுவிட்டது. பெட்டியையே ராத்திரி அணைத்தோம். சிம் கார்டில் தினம் ஒன்றரை ஜிபி வருகிறது, அதில் பார்த்தான். அதையும் நிறுத்தினால் பக்கத்து வீடு இருக்கிறது. 2020-ல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடி, பாடத்தைப் போனில் நடத்தியபோது இந்தக் கருவியை அவன் கையில் கொடுத்தவர்களும் நாம்தானே! ஆகவே பூட்டு வேலி மாதிரி. ஆடு தாண்டாது, பையன் தாண்டுவான்.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்றுண்டு. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். முகம் தெரியாதவன் ஒருவன் பிள்ளையோடு சிநேகம் பிடித்து, படம் வாங்கி, பணம் கொடு இல்லாவிட்டால் ஊருக்குக் காட்டுவேன் என்று மிரட்டுகிறான் என்று வையுங்கள். பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? சொன்னால் அப்பா முதலில் போனைப் பிடுங்குவார், அடுத்தபடி அடிப்பார், பெண்ணாயிருந்தால் படிப்பையும் நிறுத்துவார் என்று தெரிந்தால் சொல்லுமா? மிரட்டுகிறவனுக்கு நம் கோபந்தான் மூலதனம். இந்த விதமான காரியத்துக்கு 1930 என்கின்ற நம்பரில் போலீசாருக்குச் சொல்லலாம், குழந்தைகளுக்கென்று 1098 இருக்கிறது. ஆனால் அந்த நம்பருக்கு முன்னால் பிள்ளை நம்மிடம் வரவேண்டுமே! பிள்ளைக்குத் தெரியாமல் அதன் கடிதங்களைப் படிப்பதையும் நாம் இந்தக் காரணத்துக்காகவே விட்டுவிட்டோம். ஒரு தரம் படித்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம். தெரிந்துகொண்டது ஒன்றுமில்லை, பெண் ஒரு மாதம் பேசாமலிருந்ததுதான் மிச்சம்.

கடைசியில் நாலு பேரும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். இரவு பத்து மணிக்கு நாலு போனும் கூடத்து அலமாரிக்கு வந்துவிட வேண்டும். பெண், பையன் என்கின்ற பேதமில்லை. அப்பாவுக்கும் விலக்கில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கக் கூடாது. காசு வைத்து ஆடும் ஆட்டம் எந்த நேரத்திலும் கூடாது. அதை 2025 ஆகஸ்டில் செய்த மத்திய சட்டமே தடுத்துவிட்டது. விதி தப்பென்று தோன்றினால் மாதம் ஒரு தரம் யார் வேண்டுமானாலும் காரணத்தோடு எடுத்துப் பேசலாம். முதல் வாரத்தில் விதியை மீறினது யாரென்று நினைக்கிறீர்கள்? நாம்தான். கட்சிச் சிநேகிதர்கள் வாட்ஸ்அப்பில் பதினோரு மணிக்குத்தான் வாதம் செய்கிறார்கள்! பையன் நம் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு போனான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நாம் அதற்குமுன் பார்த்ததில்லை. அவன் இப்போதும் வாரத்தில் ஒரு நாளாவது ஏமாற்றத்தான் செய்கிறான்.

பெண் போன வாரம் ஒரு மனு கொடுத்திருக்கிறாள். பரீட்சை முடிகிற வரையில் தனக்குப் பதினோரு மணியாக்க வேண்டுமாம். மூன்று காரணம் காகிதத்தில் எழுதியிருக்கிறாள். முதல் இரண்டும் சரியாயிருக்கின்றன. மூன்றாவது, நாம் மேடையிலிருந்து பதினோரு மணிக்குத்தானே வீட்டுக்கு வருகிறோம் என்பது. இந்தக் கூட்டத்தை நேரத்தில் முடித்தால் இன்றைக்கே போய்ப் பதில் சொல்லலாமென்று இருக்கிறோம்.