சீட்டுக்கவியும் தபால் கடிதமும்
(சங்கரன்கோவிலில் செய்த சொற்பொழிவு)



ஒரு கவிஞரும் ஒரு ரசிகரும் எழுதிக்கொண்ட கடிதங்களைப் பற்றி இன்று பேசப் போகிறோம். “கடிதத்தில் என்ன ஐயா இருக்கிறது?” என்று சிலர் நினைக்கக் கூடும். முதலில் உங்கள் பக்கத்துச் சங்கதியையே பாருங்கள்.

இந்த ஊருக்கு அடுத்த சென்னிகுளத்தில் பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். அவருடைய காவடிச் சிந்தைப் பாடாத வாய் இந்தச் சீமையில் உண்டா? அப்பேர்ப்பட்டவரும் ஊற்றுமலை ஜமீன்தாரை அண்டித்தான் இருக்க நேர்ந்தது. கிழக்கே எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரும் 1919ல் அவ்வூர் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதிப் பொற்பையும் பல்லக்கும் கேட்டார். இவர்கள்பேரில் நமக்குக் கோபமில்லை. வயிறு என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கிறதல்லவா? கேட்டுத்தான் பிழைக்கவேண்டும் என்று புலவனை வைத்திருந்த ஏற்பாட்டின் பேரில்தான் கோபம்.

நிற்க, நாஞ்சில் நாட்டுத் தேரூரில் 1876ல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை வாத்தியார் வேலை பார்த்துச் சாப்பிட்டவர். 1931ல் ஓய்வு பெற்றுப் புத்தேரியில் இருந்தார். அவருடைய பாட்டின் சுவையறிந்து ஊரறியச் சொன்னவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். வக்கீலுக்குப் படித்தவர், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டித் தமிழ் பேசினவர், பிறகு குற்றாலத்தில் வாழ்ந்தவர். இவ்விருவருக்குள்ளும் தபால் ஓடிற்று. ஒருவர் மற்றவரிடம் கொடை கேட்கவில்லை. மற்றவர் கொடுத்துப் பெருமை தேடவுமில்லை. ரசிகமணியின் கடிதத்தில் பண்டித நடையே கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதுவார். பாட்டைப் புகழ ஆயிரம் பேர் கிடைப்பார்கள். படித்து, இன்ன இடம் நன்றாயிருக்கிறது என்று சொல்ல ஒருவர் கிடைப்பதுதான் கஷ்டம். (புகழுகிறவர்களில் பாதிப் பேர் புத்தகத்தைத் திறந்திருக்கவே மாட்டார்கள்!)

ரசிகமணி கம்பனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர். அதில் நமக்கும் அவருக்கும் ஒத்துவராது. ஆனாலும் அந்தக் கம்பராமாயணத்திலேயே ஏராளமான பாட்டுகளை இடைச்செருகல் என்று துணிந்து தள்ளியவரும் அவர்தான். பழசு என்பதற்காகக் கும்பிடாத குணத்தை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

கவிமணியும் சும்மா பூவையும் நிலவையும் பாடிவிட்டுப் போனவரல்லர். நாஞ்சில் நாட்டு வேளாளரிடத்தில் மருமக்கள் வழி என்று ஒரு வழக்கம் இருந்தது. புருஷன் செத்தால் சொத்து அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். பெண்டாட்டியும் பெற்ற பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள். இதை ஒருவனுடைய ஐந்தாம் மனைவியே சொல்லி அழுகிற மாதிரி, சிரிப்பும் வயிற்றெரிச்சலுமாக, ‘மருமக்கள் வழி மான்மியம்’ என்று பாடினார். தம் சொந்த ஜாதியாரின் வழக்கத்தையே! 1926ல் திருவிதாங்கூரில் அவ்வழக்கத்தை மாற்றச் சட்டம் வந்தது. ஜமீன்தார் வீட்டுச் சோற்றை நம்பியிருந்தவர் இப்படிப் பாடியிருப்பாரா?

1954 பிப்ரவரியில் ரசிகமணி காலமானார். அதே வருஷம் செப்டம்பரில் கவிமணியும் போய்விட்டார். ரசிகமணியின் கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. உங்கள் வாசகசாலையில் இல்லையென்றால் வாங்கி வைக்கும்படி நாளைக்கே கேளுங்கள்.