கூனன் குரிசுப் பள்ளி
(மட்டாஞ்சேரி மகாநாட்டுத் தலைமை உரை)



நாம் கூடியிருக்கும் இந்த மட்டாஞ்சேரியிலேயே, மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளின் சுற்றுப்புறத்தில் நிற்கும் ஒரு தேவாலயத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன். கூனன் குரிசுப் பள்ளி, அதாவது கூனிய சிலுவைக் கோயில், என்று இவ்வூரார் வழங்கும் அவ்வாலயம், மாண்ட அரசனுக்கோ வென்ற தளபதிக்கோ எழுந்த ஞாபகச் சின்னமன்று. 1653-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 3-ஆம் தேதி ஒரு ஜனசமூகம் இவ்வூரில் செய்த சத்தியப் பிரமாணத்தின் ஞாபகார்த்தமாக விளங்குவது.

மலையாளக் கரையின் மார்த்தோமா கிறிஸ்தவர்கள், போர்ச்சுகீசியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே பாரசீகத்துக் கிழக்குத் திருச்சபையிலிருந்து மேற்றிராணிமாரைப் பெற்று, சுரியானி மொழியில் வழிபாடு நடத்தி, சமூக நிர்வாகத்தை அர்க்கதியாக்கோன் என்னும் தம்மவர் ஒருவரிடம் விட்டு வாழ்ந்தவர்கள். கோவாவின் அதிமேற்றிராணியார் மெனேசிஸ் 1599 ஜூன் மாதத்தில் உதயம்பேரூரில் கூட்டிய சூனகதோசு என்னும் திருச்சபைப் பேரவை அவ்வொழுங்கைக் குலைத்தது. சுரியானி நூல்கள் திருத்தப்பட்டன. சில நெருப்புக்கு இரையாயின. பின்வந்த இயேசு சபை மேற்றிராணிமார் அர்க்கதியாக்கோனின் அதிகாரத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்தனர். கர்சியா என்னும் அதிமேற்றிராணியார் காலத்தில் பகை முற்றியது.

இவ்விடத்தில் கதை தமிழ்நாட்டுக்கு வருகிறது. அகத்தல்லா என்னும் சுரியானி மேற்றிராணியார் 1652-இல் சூரத்தில் இறங்கி, அங்கிருந்து மயிலாப்பூர் சேர்ந்தபோது, போர்ச்சுகீசியர் அவரை இயேசு சபையாரின் இல்லத்தில் காவலில் வைத்தனர். அதே சமயத்தில், தோமையாரின் கல்லறையைத் தரிசிக்க மலையாளத்திலிருந்து யாத்திரை வந்திருந்த தியாக்கோன்மார் இருவர், ஒருவர் செங்கன்னூரார், மற்றவர் குறவிலங்காட்டார், அவரைக் கண்டு பேசி, அவர் கொடுத்த கடிதத்துடன் ஊர் திரும்பினர். கடிதத்தைக் கண்ட அர்க்கதியாக்கோன் தோமாவுக்கும் அவரைச் சார்ந்தோருக்கும், இழந்த உரிமை மீளும் காலம் வந்துவிட்டதாகத் தோன்றியது.

கோவாவுக்கு அகத்தல்லாவை ஏற்றிச் சென்ற கப்பல் வழியில் கொச்சியைத் தொட்டது. தோமா பெருந்திரளோடு வந்து, அவரைக் காணவாவது விடுங்கள் என்று வேண்டினார். கோட்டையின் கதவுகள் அடைபட்டன; கப்பல் போய்விட்டது; அவரைக் கடலில் அமிழ்த்திவிட்டார்கள் என்ற வதந்தி காட்டுத் தீயாகப் பரவியது. அவர் அமிழ்த்தப்படவில்லை என்றும், கோவாவும் லிஸ்பனும் கடந்து ரோமாபுரிக்குப் போகும் வழியில் பாரிஸ் நகரில் 1654-இல் இறந்தார் என்றும் பிற்கால ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஆயினும், கதவடைப்பைக் கண்ணால் கண்ட கூட்டம் எதைத்தான் நம்பாது?

கூட்டம் மட்டாஞ்சேரியில் திரண்டதற்கும் காரணம் உண்டு. கோட்டை போர்ச்சுகீசியருடையது, மட்டாஞ்சேரி கொச்சி ராஜாவின் மண். அரண்மனை இங்கேதான் இருந்தது. அதன் அண்டையில் 1568-இல் யூதர் எழுப்பிய பரதேசி ஜெபாலயமும் இருந்தது. போர்ச்சுகீசியரின் கோபத்துக்கு ஆளானவர் நிற்பதற்கு இவ்வூரில் இடம் கிடைத்தது.

இனிப் பிரமாணத்துக்கு வருவோம். சிலுவையின் முன், எரியும் மெழுகுவத்திகளின் ஒளியில், சுவிசேஷத்தின்மேல் ஆணையிட்டுக் கர்சியாவுக்கு இனிப் பணிவதில்லை என்றும் அர்க்கதியாக்கோனையே மேய்ப்பராகக் கொள்வோம் என்றும் உறுதி பூண்டனர் என்பது ஒரு வரலாறு. கூட்டம் மிகுதியாகையால் அன்றிருந்த ஆலயத்துக்கு வெளியே நின்ற கற்சிலுவையில் கயிறுகளைக் கட்டி, எட்ட நின்றவரெல்லாம் அவற்றைப் பற்றிச் சபதம் செய்ய, இழுப்புத் தாங்காமல் சிலுவை கூனிற்று என்பது வாய்வழி மரபு. கயிற்றுக் கதையைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடும் பண்டிதரோடு நான் சேரமாட்டேன். கல் வளையுமா என்பது இங்கே கேள்வியன்று. கத்தனார்மார் என்னும் குருமார் மட்டும் செய்த காரியமாக இதைச் சமூகம் நினைவு வைக்கவில்லை. கயிற்றின் கடைசி நுனியைத் தொட்ட உழவனுக்கும் வணிகனுக்கும் அதில் சம பங்கு உண்டென்று நினைவு வைத்திருக்கிறது. அந்நினைவுக்கும் ஆதார மதிப்பு உண்டு, 1653-க்கு அல்லாவிடினும் அதைச் சொல்லி வந்த தலைமுறைகளுக்கு.

சபதம் யாருக்கு எதிரானது? இயேசு சபையாருக்கு மட்டும் என்பர் ஒரு சாரார். ரோமாபுரியின் ஆதிபத்தியத்துக்கே என்பர் மற்றொரு சாரார். அவ்வாண்டு மே 22-ஆம் தேதி ஆலங்காட்டில் குருமார் பன்னிருவர் தலைமேல் கைவைத்து, அர்க்கதியாக்கோனை முதலாம் மார்த்தோமா என மேற்றிராணியாராக உயர்த்தினர். பாப்பரசர் அனுப்பிய கார்மேல் சபைத் துறவியர் பலரை ரோமாபுரியின் பக்கம் மீட்டனர். 1663-இல், மீண்டோர் பக்கத்தவரான பள்ளிவீட்டில் சாண்டி கத்தனார் கடுத்துருத்தியில் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். அதே ஆண்டு ஜனவரியில் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றவே, கதவை அடைத்தவரின் கோட்டையும் கைமாறியது. ஒரே கயிற்றைப் பிடித்தவரின் சந்ததியார் இன்று பல சபையினர். அவர்களுள் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையினரே இப்பள்ளியைப் பேணி வருகின்றனர்; மற்றவரும் அச்சபதத்தின் சரித்திரத்தில் தத்தம் பங்கைக் கோருகின்றனர். ஆகையால், இவ்வாலயத்தின் சுவரிலே 1653-ஐ மட்டும் படிக்க முயல்வோர் பாதியையே படித்தவராவர். யார், எப்போது, எந்த வழக்கின் நடுவே இதனை ஞாபகார்த்தமாகக் கொண்டாடினர் என்பதும் நமது ஆராய்ச்சிக்கு உரிய விஷயமே.

கட்டுரை வாசிக்க வந்துள்ள நண்பர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு. அகத்தல்லாவின் மயிலாப்பூர் வாசத்தைக் கொச்சிச் சம்பவத்துக்கு வெறும் முன்னுரையாக எண்ணிக் கடந்துவிடாதீர்கள். அந்நாள் மயிலாப்பூரில் தங்கியவர் யார், யாத்திரிகர் எவ்வழி வந்தனர், கடிதம் எவ்வழி மலைகளைக் கடந்தது என்பவற்றைத் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர் துருவிக் காண வேண்டும். காலைக் கூட்டத்தின் முதற் கட்டுரையாளரை இப்போது மேடைக்கு அழைக்கிறேன்.