தேங்கிய கூட்டமும் தெளிந்த தலைமையும்



தேங்கி நிற்கும் கூட்டம் திட்டுவதால் நகராது. அடுத்த அடியை எங்கு வைப்பதெனக் காட்டினால்தான் நகரும். தென்னாப்பிரிக்கா இதற்குச் சான்று.

வெள்ளையர் அரசோடு மண்டேலாவின் இயக்கம் நடத்திய பேச்சு, 1992 சூன் திங்களில் பொய்பதாங்குப் படுகொலைக்குப்பின் முறிந்தது. அவ்வாண்டே பொதுவுடைமைத் தலைவர் சோ சுலோவோ தம்மவர்க்கே கசப்பு மருந்தொன்றை நீட்டினார்: பெரும்பான்மையர் வென்றபின்னும் சில ஆண்டுகள் வெள்ளையர்க்கும் ஆட்சியில் பங்கு! தோழர் பலர் சினந்தனர். ஆயினும் அடைபட்ட வழி திறந்தது.

1993 ஏப்பிரல் 10-இல் விடுதலை மறவர் கிறிசு ஆனி சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு கொதித்தது. மண்டேலா தொலைக்காட்சியில் தோன்றினார். கொன்றவன் வெள்ளையன், அவன் பிடிபடத் துணைநின்றவளும் ஒரு வெள்ளைப் பெண்ணே என்று நினைவூட்டினார். அமைதி கேட்டதோடு அமையவில்லை. தேர்தலுக்கு நாள் குறிக்குமாறு அவர் இயக்கம் நெருக்கியது. 1994 ஏப்பிரல் 27 என நாள் குறிக்கப்பட்டது. அத்தேர்தலில் எல்லா இனத்தவரும் முதன்முறையாக ஒருங்கே வாக்களித்தனர்.

பகைவனை ஏசக் கூட்டத்திற்குத் தலைவன் வேண்டுவதில்லை. தன்னவரிடம் கசப்பு மொழி கூறும் துணிவும், அவர்தம் சினத்தை ஒரு குறித்த நாளை நோக்கித் திருப்பும் தெளிவும் உடையவனே தலைவன்!