கல்லாப்பெட்டிச் சாவி யார் கையில்?

(ராணிப்பேட்டையில் சிறுகடைக்காரர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



‘சிறுதொழில் செய்கிறவர்கள் டிஜிட்டல் தொழில்நுட்பத்தை உத்தியோடு பயன்படுத்துவது எப்படி?’ இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. கூப்பிட வந்த தோழரிடம், “நான் கவிதை எழுதுறவன், பேங்குல கிளார்க்கு. கம்ப்யூட்டர் படிச்ச ஆளாப் பாத்துக் கூப்பிடுங்க”ன்னு சொன்னேன். அவர், “படிச்சவன் மிசினைப் பத்திப் பேசுவான். நீங்க கவுண்டர்ல உக்காந்து மனுசங்களப் பாக்குறீங்க, அதைப் பேசுங்க”ன்னார். அதனால் வந்தேன்.

இயக்க மேடையில் கல்லாப்பெட்டியைப் பற்றிப் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். அம்பேத்கர் 1923ல் வெளியிட்ட நூல் ரூபாயின் பிரச்சினையைப் பற்றியது. பணம் எப்படிப் புழங்குகிறது என்று தெரியாமல் அதிகாரம் எப்படிப் புழங்குகிறது என்று பேசிவிட முடியாது.

முதலில் ஒரு இட்லிக் கடையைச் சொல்கிறேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி. காலனியிலிருந்து வருகிற அக்கா ஒருத்தர் நடத்துகிறார். காலையில் இட்லி, பொங்கல். சாயங்காலம் வடை, போண்டா. தினம் மூவாயிரம் ரூபாய் வியாபாரம். 2024ல் ஒருநாள் கடன் கேட்டு எங்கள் கிளைக்கு வந்தார். மாவு அரைக்க ஒரு பெரிய கிரைண்டர் வேண்டும், ஐம்பதாயிரம் போதும் என்றார். கணக்கைத் திறந்து பார்த்தேன். நூறு நாள் வேலைக் கூலி, காஸ் மானியம், அவ்வளவுதான். இட்லி விற்ற காசு ஒரு ரூபாய்கூட அதில் இல்லை. “கணக்குல வரவே இல்லையேக்கா, கஷ்டம்”னு சொன்னேன். அந்தக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: “இன்னா தம்பி, விடிகாலம் மூணு மணிக்கு எழுந்து அடுப்பு பத்த வெக்கிறேன். எனக்கு யாவாரமே இல்லன்னு உங்க மிசினு சொல்லுதா?”

வண்டியில் க்யூஆர் கோடு ஒட்டியிருந்தது. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஜிபே பண்ணுகிறார்கள். அந்தக் காசு எங்கே போகிறது? அக்கா மகன் கணக்குக்கு. 2021ல் அவன்தான் தன் பேரில் ஒட்டிக்கொடுத்தான். அவன் கெட்டவன் இல்லை. ராத்திரியானால் எண்ணிக் கையில் கொடுத்துவிடுவான். ஒரு பைசா எடுத்ததில்லை. ஆனால் மூன்று வருட வியாபாரம் அவன் பேரில் பதிவாகியிருக்கிறது. அந்த வரவைக் காட்டி அவன் வேறொரு வங்கியில் வண்டிக் கடன் வாங்கிவிட்டான். அடுப்பில் வெந்தவருக்கு ஒன்றுமில்லை. அவர் தண்டல்காரரிடம் போனார். பத்தாயிரம் என்று எழுதி எட்டாயிரத்து ஐந்நூறு கையில். தினம் நூறு ரூபாய், நூறு நாள். உழைப்பு ஒருத்தர் பேரில், வரலாறு இன்னொருத்தர் பேரில். இது நமக்குப் புதுசா தோழர்களே?

அக்கா ஏன் தன் பேரிலேயே ஒட்டவில்லை? அவர் கணக்கில் செல்போன் நம்பர் சேர்க்கப்படவில்லை. நம்பர் சேராமல் யூபிஐ வராது. அதைச் சேர்க்கச் சொல்லி 2021ல் இரண்டு முறை எங்கள் கவுண்டருக்கு வந்திருக்கிறார். ஒருமுறை ‘சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க’. இன்னொருமுறை ‘ஆதார் நகல் எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க’. இரண்டு நாள் வியாபாரம் போனது, மூன்றாவது முறை அவர் வரவில்லை. அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தது வேறு யாருமில்லை, நான்தான். சேரியைப் பற்றிக் கவிதை எழுதுகிற இதே நான்தான். எனக்கு அது ஞாபகம்கூட இல்லை, அவர் சொல்லித்தான் தெரியும். ஆகவே இன்றைக்கு நான் சொல்லப்போவதை உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டபிறகு போட்ட கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யூபிஐ 2016ல் வந்தது. அந்த வருடம் நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். கையில் காசில்லாமல் நம் கடைகள் படுத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஜனவரியிலிருந்து யூபிஐ பரிமாற்றத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்குவதில்லை என்று ஆக்கினார்கள். பிறகு கொரோனா. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் யூபிஐ வழியே நடந்தன. ‘நமக்கு வேண்டாம்’ என்று ஒதுங்கும் கட்டம் தாண்டிவிட்டது. எப்படி, யார் பேரில், எதற்காக என்பதுதான் இப்போது கேள்வி.

நம் ஊர்களில் முன்பு காசை மேலிருந்து கையில் போடுவார்கள், விரல் பட்டுவிடக்கூடாது என்று. இப்போது அதே ஆள் போனை நீட்டி ஸ்கேன் பண்ணிவிட்டுப் போகிறான். பார்த்துவிட்டு, ‘தொழில்நுட்பம் தீண்டாமையை ஒழித்துவிட்டது’ என்று ஒரு நண்பர் எழுதினார். தொடவேண்டிய அவசியம் ஒழிந்தது, அவ்வளவுதான். மிசின் தானாக எதையும் விடுவிக்காது. நாம் எதற்கு அதைக் கையில் எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த ‘எதற்கு’தான் முதல் பாடம். எனக்குத் தெரிந்த பரோட்டாக் கடைக்காரர் ஒருவர் பதினெட்டாயிரம் கொடுத்து பில் போடும் மிசின் வாங்கினார், பக்கத்துக் கடையில் இருக்கிறதே என்று. கடையில் விற்பதே நாலு அயிட்டம். பில் யாரும் கேட்பதில்லை. மிசின் மேல் இப்போது எண்ணெய்த் துணி கிடக்கிறது. அவருக்கு உண்மையில் ஓட்டை எங்கே? கடன் சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம். யார் எவ்வளவு தரவேண்டும் என்று அவருக்கே தெரியாது. அதற்கு, கையிலிருக்கும் போனில் கடன் கணக்கு எழுதி, சனிக்கிழமை ஒரு வாட்சப் செய்தி அனுப்பினால் போதும். செலவு சுழி. ஆகவே கருவியைப் பார்க்கும் முன்னால் ஒரு வாரம் உங்கள் கடையைப் பாருங்கள். எது நேரத்தைத் தின்கிறது, எங்கே காசு ஒழுகுகிறது, எந்த வாடிக்கையாளர் திரும்பி வருவதில்லை என்று எழுதுங்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு கருவியை எடுங்கள். அது பழகியபிறகு அடுத்தது.

இரண்டாவது, பேர். சிம் கார்டு உங்கள் பேரில், வங்கிக் கணக்கு உங்கள் பேரில், க்யூஆர் கோடு உங்கள் பேரில் இருக்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு ஒரு கணக்கு, கடைக்கென்று தனியாக ஒரு கணக்கு. மொத்த வியாபாரியோ கடை இடத்துக்காரரோ ‘என் கோடு ஒட்டிக்கோ’ என்றால் ஒட்டாதீர்கள். அவர் கணக்கு ஏதோ வழக்கில் முடங்கினால் உங்கள் அடுப்பும் சேர்ந்து முடங்கும். ரொக்கமாக வருகிற காசிலும் ஒரு பகுதியை வாரம் ஒருமுறை அதே கணக்கில் கட்டுங்கள். பேப்பரில் இல்லாத வியாபாரம் வங்கிக்குக் கண் தெரியாது. இது நியாயமில்லை, ஆனால் இப்படித்தான் இருக்கிறது.

மூன்றாவது, அடுத்தவன் சந்தையில் கடை போடுவது. பேரணாம்பட்டுப் பக்கம் ஐந்து பேர் சேர்ந்து செருப்புப் பட்டறை வைத்திருக்கிறார்கள். தோல் வேலை தெரிந்த கைகள். இடைத்தரகர் தொல்லை தாங்காமல் ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில் போட்டார்கள். அவர்கள் நோட்டுக் கணக்கைச் சொல்கிறேன். ஜோடி 600 ரூபாய். தோல், சோல், பசை, நூல் 330. கூலி 120. மிச்சம் 150. அதில் கமிஷன், அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து 110 போய்விடும். கையில் 40. ஐந்து ஜோடி போனால் ஒன்று ‘அளவு சரியில்லை’ என்று திரும்பி வரும். அந்த ஒன்றுக்குப் போக்குவரத்து நஷ்டம் 120. நாலு ஜோடி லாபம் 160ல் அது போனால், ஐந்து ஜோடி அனுப்பி மிஞ்சியது 40 ரூபாய். தரகருக்குப் பதில் முகம் தெரியாத தரகர்.

அவர்கள் விட்டுவிட்டு ஓடவில்லை, யோசித்தார்கள். நஷ்டத்தின் வேர் அளவு. பாதத்தை வெள்ளைத்தாளில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து வாட்சப்பில் அனுப்பச் சொன்னார்கள். திரும்பி வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆன்லைன் சந்தையில் இரண்டே மாடல் வைத்திருக்கிறார்கள், ஆள் பார்ப்பதற்கு. வாங்கியவர்கள் நேரில் கேட்டு வந்தால் பேர், நம்பர், பாத அளவு எல்லாம் நோட்டில் ஏறும். அந்த நோட்டுதான் அவர்கள் சொத்து. பெரிய சந்தை நாளைக்கு விதியை மாற்றலாம், நம் கணக்கை மூடலாம். நோட்டை யாரும் மூட முடியாது. வெளி மாநிலத்துக்கு இப்படி ஆன்லைன் சந்தை வழியாகப் பொருள் விற்றால், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறுவியாபாரிக்கு 2023 அக்டோபரிலிருந்து தளர்வு உண்டு. இறங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வரி என்றதும் பயம் வருகிறது. 2025 ஜூலையில் பெங்களூரில் நடந்தது தெரியும். யூபிஐ வரவை வைத்துச் சிறுகடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. பலர் க்யூஆர் கோட்டைக் கிழித்துவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதிவைத்தார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கிழிப்பதால் பழைய பதிவு அழியாது. நம் தடம் நமக்குச் சாட்சி சொல்லும், நமக்கு எதிராகவும் சாட்சி சொல்லும். எல்லையைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்தில் பொருள் விற்கிறவருக்கு வருடம் 40 லட்சம், சேவை செய்கிறவருக்கு 20 லட்சம் விற்பனையைத் தாண்டினால்தான் பதிவுக் கட்டாயம். சமைத்துப் பரிமாறுவது சேவைக் கணக்கில் வரும். நம் இட்லிக்கடை அக்காவுக்கு வருடம் சுமார் பதினோரு லட்சம், அவர் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சீட்டுப் பணமும் கைமாத்தும் தங்கச்சி அனுப்பிய காசும் கடைக் கணக்கிலேயே விழுந்தால், பார்க்கிறவனுக்கு எல்லாம் விற்பனையாகத்தான் தெரியும். தனிக் கணக்கு வேண்டும் என்று முன்னால் சொன்னது இதற்கும்தான்.

நான்காவது, காகிதத்தில் இருக்கும் உரிமைகள். 2020 ஜூலையிலிருந்து உத்யம் பதிவு இருக்கிறது. கட்டணம் கிடையாது. தரகர்கள் இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் வாங்குகிறார்கள். கொடுக்காதீர்கள். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோரிடம். இது 2012ல் வந்த ஆணை. அந்தக் கொள்முதல் இப்போது ஜெம் என்ற இணையச் சந்தையில் நடக்கிறது. அங்கே பேர் இல்லாதவனுக்கு அந்த 4 சதவீதம் வெறும் எழுத்து. தமிழ்நாட்டில் 2023ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத முதலீட்டு மானியம் உண்டு. குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி பிணை கேட்கக்கூடாது என்று 2010லேயே ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. கேட்டால், ‘எந்த விதியில் இருக்கு, எழுதிக் கொடுங்க’ என்று கேளுங்கள். எங்களைப் போன்றவர்களை அந்த ஒரு வாக்கியம் நிமிர்ந்து உட்காரவைக்கும்.

ஏமாற்று பற்றிச் சுருக்கமாக. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போடவே தேவையில்லை. போடச் சொன்னால் அது உங்கள் பணத்தை எடுக்கத்தான். வாடிக்கையாளர் போனில் காட்டும் பச்சை டிக்கை நம்பாதீர்கள். உங்கள் போனிலோ சவுண்டு பாக்ஸிலோ வந்தால்தான் வந்தது. உங்கள் கோட்டின் மேல் வேறு கோடு ஒட்டியிருக்கிறதா என்று காலையில் ஒருமுறை தடவிப் பாருங்கள். காசு போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள். ஆப்பில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கடன், தண்டலின் தம்பி. ரொக்கத்தையும் கைவிடாதீர்கள். நெட் இல்லாத நாளிலும் பசிக்கிறவன் வருவான்.

இட்லிக்கடை அக்கா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அன்றைக்கே நம்பர் சேர்த்தேன். பத்து நிமிட வேலை. ஆமாம் தோழர்களே, பத்தே நிமிடம். கடைக்குத் தனிக் கணக்கு, அவர் பேரில் கோடு. எட்டு மாதம் கழித்து முத்ராவில் ஐம்பதாயிரம் கிடைத்தது. கிரைண்டர் வந்துவிட்டது. தண்டல் இன்னும் முழுசாகத் தீரவில்லை. இதை வெற்றிக் கதையாக நான் சொல்லவில்லை. மூன்று வருடம் அவருக்குத் திரும்பி வராது.

மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் ஐந்து கடைக்குப் போங்கள். க்யூஆர் கோடு யார் பேரில் இருக்கிறது என்று ஸ்கேன் செய்து பாருங்கள். பேர் காட்டும். கடைக்காரர் பேர் இல்லையென்றால் அவரைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். ‘நாளைக்கு வாங்க’ என்று ஒரு கிளார்க் சொல்வான். நகராதீர்கள். அங்கேயே நின்று, “இன்னைக்கே”ன்னு சொல்லுங்கள். அந்தக் கிளார்க் நானாக இருந்தாலும் சொல்லுங்கள்.