ஆற்றங்கரையில் ஒரு சபை

அமெரிக்காவின் தென் கரோலினாவில், சவானா ஆற்றங்கரையில் சில்வர் பிளஃப் என்று ஒரு கிராமப்புறம். 1770களில் கால்ஃபின் என்ற வணிகரின் பண்ணையில், அடிமைகள் ஏழெட்டுப் பேர் ஞானஸ்நானம் பெற்று ஒரு பாப்டிஸ்ட் சபையாகக் கூடினார்கள்.

அவர்களில் ஒருவர் டேவிட் ஜார்ஜ். வர்ஜீனியாவில் சவுக்கடி தாங்காமல் தப்பி ஓடிவந்தவர். படிப்பு கிடையாது. சின்னப் பிள்ளைகளிடம் போய், எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார்! அப்படித்தான் பைபிளை வாசித்தார்.

அமெரிக்க விடுதலைப் போர் மூண்டது. வெளியூர்ப் போதகர்கள் அங்கே வரக்கூடாதென்று தடை போட்டார்கள். ஏன் தெரியுமா? அவர்கள் வந்தால் அடிமைகளுக்கு விடுதலைச் செய்தி எட்டிவிடுமே என்ற பயம். அதனால் சபைப் பொறுப்பு ஜார்ஜிடமே வந்தது. கடைசியில் அவரும் அடிமைகள் ஐம்பது பேருக்கு மேற்பட்டோரும் பிரிட்டிஷ் படையிடம் போய் விடுதலை தேடினார்கள். 1782இல் ஜார்ஜ் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார். அங்கே சபை தொடங்கினார். 1784இல் அங்கே மூண்ட கலவரத்தில் கறுப்பின மக்களின் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். அவர் சோரவில்லை. 1792இல் ஆப்பிரிக்காவுக்கே போய், சியரா லியோனின் ஃப்ரீடவுனிலும் ஒரு சபையை நிறுவினார். 1810இல் அங்கேயே காலமானார்.

சில்வர் பிளஃப் சபையோ போரில் சிதறிப்போனது. ஜெஸ்ஸி பீட்டர் என்ற இன்னொரு போதகர் அதை மறுபடி கூட்டினார். அந்த வழியில் அருகிலுள்ள அகஸ்டா நகரில் உருவான ஸ்பிரிங்ஃபீல்ட் பாப்டிஸ்ட் சபையில் இன்றும் ஆராதனை நடக்கிறது.