பங்கு ஈவுத்தொகைக் கணக்கு

 

வெள்ளிவிழா மேடையில் பங்கு முதலீட்டைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். பணிக்கொடையும் ஓய்வூதியமும் பெறுவோர் நம் தெருக்களில் இன்று பலர் உளர். தாமிரவருணிக் கரைக் களங்களில் கூலிநெல் வாங்கிய நம் முன்னோர், அளப்பவரின் மரக்கால் சரியானதுதானா என வாய்திறந்து கேட்க இயலாது நின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகளின் முதல் சேமிப்பும் அவ்வாறே அளக்கப்படலாகாது என்பதால் இதைப் பேச எடுத்துக்கொண்டோம்.

இக்கல்வி நமக்குப் புதிதன்று, மறுக்கப்பட்டது. 1917ஆம் ஆண்டு பரோடாப் பணியை விட்டுப் பம்பாய் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை கூறும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளியல் பயின்றவர் அவர். அவரது சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் வருகை நின்றது, தொழிலும் நின்றது.

ஒரு கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் பணமே டிவிடெண்டு என வழங்கும் ஈவுத்தொகை. பகிரும் தொகையைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் பங்கொன்றுக்குரிய ஈவு கிடைக்கும். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான்! வ.உ.சிதம்பரனார் 1906இல் தூத்துக்குடியில் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அது ஒரு லட்சம் ரூபாயைப் பகிர்ந்திருப்பின் பங்குக்கு இரண்டரை ரூபாய், அதாவது 10 சதவீதம் ஆகியிருக்கும்.

அச்சதவீதத்தில்தான் கண்ணி இருக்கிறது. அது பத்திரத்திற்குரிய முகமதிப்பின் மேல் கூறப்படுவது. நாம் கொடுத்த விலையின் மேல் அன்று. 1921இல் நாடார் வங்கியாகத் தொடங்கி, 1962இல் பெயர் மாறிய தூத்துக்குடித் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியைப் பாருங்கள். முகமதிப்பு 10 ரூபாய். 2023-24ஆம் ஆண்டுக்குப் பங்குக்கு 10 ரூபாய் ஈவு அளித்தது, நூறு சதவீதம்! ஆனால் 2022 செப்டம்பரில் பொதுமக்களுக்குப் பங்கு வழங்கியபோது விலை 510 ரூபாய். அவ்விலையில் 20 பங்குகள் வாங்கியவர் போட்டது 10,200. அவ்வாண்டுக்குப் பெற்ற ஈவு 200. அஃதாவது, நூற்றுக்கு இரண்டு ரூபாய்கூட நிரம்பவில்லை. அவ்வங்கியைப் புகழவோ பழிக்கவோ இதைக் கூறவில்லை. அவ்வாண்டில் அது ஈட்டிய நிகர லாபம் 1,072 கோடி ரூபாய், ஏறத்தாழ 15.83 கோடிப் பங்குகளுக்குப் பகிர்ந்தது 158 கோடி. எஞ்சியது வங்கியிலேயே தங்கி அதனை வளர்க்கிறது. பங்கின் விலை ஏறவும் கூடும், இறங்கவும் கூடும். அது வேறு கணக்கு. "நூறு சதவீதம் தருகிறார்கள்" என்று வாசலில் வந்து கூறுபவரிடம், "எதன் மேல் நூறு?" என்று முதலில் கேளுங்கள்.

ஈவு கட்டாயமான வட்டியும் அன்று. நட்டமான ஆண்டில் அறவே வராமற்போகலாம். ஈவுக்குரிய நாளுக்குச் சற்று முன்னர் ஓடிப்போய் வாங்குவதிலும் பயனில்லை. ஈவுக்குரிய நாள் கடந்ததும் பெரும்பாலும் விலை ஏறத்தாழ அவ்வளவு இறங்கும்.

இன்னொன்று. ஏழாண்டுகள் வாங்கப்படாத ஈவு, முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குச் சென்றுவிடும். ஏழாண்டுகள் தொடர்ந்து வாங்காதிருப்பின் பங்குகளும் அங்கே போகும். விண்ணப்பித்து மீட்கலாம், ஆயினும் அலைச்சல் அதிகம். குடும்பத்தலைவர் பங்கு வைத்திருந்ததை மனைவி மக்கள் அறியாதபோதும் இது நேரக்கூடும். ஆகவே பங்கு விவரத்தை வீட்டிலுள்ளோர் அறிய எழுதி வையுங்கள். வாரிசு நியமனத்தையும் பதிவு செய்யுங்கள். கம்பெனி அனுப்பும் ஆண்டறிக்கை விளங்காதவர்கள் அதனை நம் சங்க அலுவலகத்திற்கு எடுத்து வரலாம். ஞாயிறு மாலைகளில் உடனமர்ந்து படித்துச் சொல்வோம்.