ஏரி மீன்களைக் காப்போம்
(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டிய உழவியல் ஆசிரியர் மீனைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். ஏரிப் பாசனத்தில் பயிருக்கும் மீனுக்கும் ஒரே தண்ணீர்தான். நம் மாநிலத்தில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. விரால், குரவை, கெளுத்தி, அயிரை, ஆரால் எல்லாம் யாரும் குஞ்சு விடாமலேயே இவற்றில் வாழ்ந்து வந்தவை.

விராலை எடுத்துக்கொள்ளுங்கள். செவுள் போக, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பும் இதற்கு உண்டு. அதனால் ஏரி வற்றிச் சேறானாலும் புதைந்து கிடந்து பிழைக்கும். மழைக்காலத்தில் கரையோரக் கோரையை ஒதுக்கி, இடம் செய்து முட்டையிடும். தாயும் தந்தையும் காவல் நிற்கும். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்துக்கு வந்து வந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் தூண்டில் போட்டால் தாய் மீன் எளிதாகச் சிக்கும். நமக்கு ஒரு வேளைக் குழம்பு. காவலற்ற குஞ்சுகளோ கொக்குக்கும் மற்ற மீனுக்கும் இரை. அந்தச் சில வாரங்கள் மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

தூர் வார வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டல் வயலுக்கு நல்லது. ஆனால் இயந்திரத்தை விட்டு ஏரி முழுவதையும் களத்துமேடு போல மட்டமாக்கினால், கோடையில் எங்கும் கணுக்கால் தண்ணீர் நின்று ஒரே சமயத்தில் காய்ந்துவிடும். மடை மட்டத்துக்குக் கீழே ஒரு மூலையில், சரிவான கரையோடு ஆழமான பள்ளம் ஒன்று இருக்கட்டும். மீன் குத்தகைதாரர் அதை மோட்டார் வைத்து இறைக்க ஊரார் இடம் தரலாகாது. விதை நெல்லை யாராவது குத்தித் தின்போமா? ஆகாயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் அகற்றுங்கள். கோரையில் ஒரு பகுதியை விட்டுவையுங்கள்.

1952இல் நம் நாட்டுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை பல ஏரிகளை நிறைத்துவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவே தடை உண்டு. குட்டையில்தானே விடுகிறோம் என்பார்கள். ஒரு வெள்ளம் வந்தால் குட்டை ஏது, ஏரி ஏது?

கடைசியாக மருந்து. இதில் நானும் குற்றவாளிதான். பள்ளியில் படித்தபோது, மருந்து அடித்த தெளிப்பானை வாய்க்காலில் கழுவினேன். மறுநாள் காலையில் கெண்டைக் குஞ்சுகள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. அப்பா என்னைத் திட்டவில்லை. கூடையில் அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்தார். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். முடிந்தவரை ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாற்றில் தொடங்குங்கள். மருந்து அடித்தே தீர வேண்டுமானால், டப்பாவை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி வயலுக்கே அடித்துவிடுங்கள். அடித்த வயலின் நீரைச் சில நாட்களுக்கு வடிக்காதீர்கள். நம் வடிகால் நீர் கீழ் ஏரிக்குத்தான் போய்ச் சேருகிறது. மேல்வயல்காரரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். அவர் விடும் தண்ணீர் உங்கள் வரப்பைத் தாண்டித்தான் போக வேண்டும்.